அரை மணி நேரம் என்று யார் சொன்னது?

விமானம் தாமதமாகும்போது கேட்டில் சொல்கிறார்களே, ‘இன்னும் அரை மணி நேரத்தில் கிளம்பிவிடும்’ என்று, அந்த வாக்கியத்துக்கு மட்டும் கையெழுத்து கிடையாது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கும் விமானத்தைச் சுற்றி அதே நேரத்தில் எழுதப்படும் மற்ற எல்லாவற்றுக்கும் உண்டு. என்ன கோளாறு, யார் பார்த்தார்கள், கையேட்டின் எந்தப் பகுதிப்படி சரிசெய்தார்கள், அவர்களுடைய உரிம எண் என்ன, எத்தனை கிலோ எரிபொருள் ஏறியது, சரக்கறையில் எங்கே எவ்வளவு எடை, அதில் ஆபத்தான பொருள் ஏதாவது இருக்கிறதா என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள், ஒவ்வொரு தாளுக்கும் ஒரு பெயர். பயணிகளுக்குச் சொல்லப்படும் நேரத்துக்குத்தான் சொந்தக்காரர் இல்லை.

இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தது என் சித்தப்பா மகன். எங்கள் குடும்பம் விமானம் தயாரிக்கும் ஹெச்.ஏ.எல். நிறுவன வேலைக்காகப் பெங்களூருக்கு வந்தது. முருகேஷ்பாளையாவில் வீடு. 2008 மே மாதம் தேவனஹள்ளியில் புது விமான நிலையம் திறக்கும்வரை, மொட்டை மாடியில் துணி உலர்த்தப் போனால் விமானத்தின் வயிற்றுப் பக்கம் தெரியும். அந்தச் சத்தத்தில் வளர்ந்த பிள்ளைகளில் ஒருவன் விமானப் பராமரிப்புப் பொறியாளன் ஆனதில் ஆச்சரியம் இல்லை. அவன் வேலை பார்க்கும் நிறுவனத்தைப் பற்றி இங்கே எழுதப் போவதில்லை. அவனும் சொல்லமாட்டான், நானும் கேட்பதில்லை. ஆனால் வேலை எப்படி நடக்கிறது என்று கேட்டால் ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் பேசுவான்.

முதலில் டெக் லாக், அதாவது விமானத்தின் கோளாறுப் பதிவேடு. ஒவ்வொரு விமானத்துக்கும் சொந்தமாக ஒன்று இருக்கும். பல இடங்களில் இன்னும் காகிதப் புத்தகம், சில இடங்களில் டேப்லெட். இறங்கிய விமானி ஏதாவது கோளாறு கண்டிருந்தால் அதில் எழுதுகிறார். இந்தியாவில் இந்தத் துறையில் எல்லாரும் அதை ‘ஸ்னாக்’ என்றுதான் சொல்வார்கள். ஒரு ஸ்னாக் எழுதப்பட்டுவிட்டால், அதற்குப் பதில் எழுதப்படும்வரை விமானம் நகரக் கூடாது. பதிலை எழுத உரிமம் பெற்ற பொறியாளர் வேண்டும். எந்தப் பொறியாளரும் எந்த விமானத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட முடியாது. இயந்திரப் பக்கம் பி1, மின்னணுப் பக்கம் பி2 என்று உரிமம் பிரிகிறது. அதற்கு மேல் அந்த விமான ரகத்துக்கான தகுதியும் வேண்டும். ஏர்பஸ் மட்டும் தெரிந்தவர் பத்தடி தூரத்தில் சும்மா நின்றுகொண்டிருந்தாலும், தூத்துக்குடிக்குப் போகும் சிறிய ஏடிஆர் விமானத்தின் ஸ்னாக்கை மூடிக் கையெழுத்துப் போட முடியாது. ‘இத்தனை பேர் நிற்கிறார்களே, ஒருத்தர் வந்து பார்க்கக் கூடாதா’ என்று கண்ணாடி வழியாகப் பார்த்து நாம் கடுப்பாவதற்குப் பாதிக் காரணம் இதுதான்.

அந்தப் பதில் மூன்று விதமாக இருக்கலாம். சரிசெய்து கையெழுத்துப் போடுவது ஒன்று. சரிசெய்ய முடியவில்லை, விமானம் நிற்கட்டும் என்பது இன்னொன்று. இரண்டுக்கும் நடுவில் இருப்பதுதான் பயணிகளுக்குப் பெரும்பாலும் தெரியாத எம்.இ.எல். எந்தெந்தக் கருவி வேலை செய்யாவிட்டாலும், என்ன நிபந்தனையோடு, எத்தனை நாள் வரை பறக்கலாம் என்று சொல்லும் பட்டியல் அது. தயாரிப்பாளரின் மூலப் பட்டியலை வைத்து ஒவ்வொரு விமான நிறுவனமும் தனக்கென ஒன்று தயாரித்து, விமானத் துறையைக் கண்காணிக்கும் அரசு அமைப்பான டி.ஜி.சி.ஏ.வின் ஒப்புதல் வாங்குகிறது. ‘பி’ பிரிவில் வரும் கோளாறை 3 நாளுக்குள் சரிசெய்ய வேண்டும், ‘சி’ என்றால் 10 நாள், ‘டி’ என்றால் 120 நாள். எழுதிய நாள் கணக்கில் சேராது. ‘ஏ’ பிரிவுக்கு அந்தந்த இடத்திலேயே கெடு எழுதியிருக்கும். கெடு மட்டுமல்ல, பொறியாளர் என்ன செய்ய வேண்டும், விமானி என்ன செய்ய வேண்டும் என்பதும் இருக்கும். கருவிக்குப் பக்கத்தில் ‘வேலை செய்யவில்லை’ என்று ஒட்டுச்சீட்டு ஒட்ட வேண்டும். கேபினுக்குள் உட்கார்ந்த பிறகும் வேர்த்துக் கொட்டுகிறது, எஞ்சின் ஓட ஆரம்பித்த பிறகுதான் குளிர்கிறது என்றால், வாலில் இருக்கும் துணை எஞ்சின் அப்படி ஒட்டுச்சீட்டு வாங்கியிருக்கலாம். பாதுகாப்புக்கு அதனால் பங்கமில்லை. புழுக்கம் நம் தலையெழுத்து.

இதைக் கேட்டதும் ‘கோளாறோடு பறக்க விடுகிறார்களா’ என்று பதறுபவர்கள் உண்டு. எனக்கு நேர்மாறாகத் தோன்றுகிறது. நாம் ஓட்டும் எந்த வண்டிக்கும் இப்படி ஒரு பட்டியல் இல்லை. எது கெட்டால் ஓட்டலாம், எது கெட்டால் ஓட்டக் கூடாது என்று முன்கூட்டியே, பதற்றமில்லாத நேரத்தில், உட்கார்ந்து யோசித்து எழுதி வைத்திருக்கிறார்களே, அதுதான் பெரிய விஷயம்.

சரி, இப்போது கேட்டுக்கு வருவோம்.

ஒரு மாலை, இதே பெங்களூரிலிருந்து தூத்துக்குடிக்குப் போக வேண்டியிருந்தது. ஏடிஆர் விமானம், எழுபது சொச்சம் பேர். குறுஞ்செய்தியில் ‘இயக்கக் காரணங்களால்’ தாமதம் என்று ஒரு நேரம் வந்தது. செயலியைத் திறந்தால் ‘சரியான நேரத்தில்’ என்று பச்சை எழுத்தில் சிரித்தது. திரையில் மூன்றாவதாக ஒரு நேரம். கேட்டில் நின்ற பெண்ணிடம் கேட்டால் நான்காவது. ஆங்கிலத்திலும் இந்தியிலும் ஒரு அறிவிப்பு வந்ததும், அல்சூரிலிருந்து திருச்செந்தூருக்குக் கிளம்பிய ஒரு வயதான அம்மா என் பக்கம் திரும்பி, “என்னப்பா சொல்றா அந்தப் பொண்ணு?” என்றார். தாமதத்துக்கு வருந்துகிறார்களாம் என்றேன். “அது தெரியுது. எப்போ கிளம்புமாம்?” அதைத்தான் அந்த அறிவிப்பு சொல்லவில்லை. அதற்குள் வரிசையில் கதைகள் பிறந்துவிட்டன. டயர் பஞ்சர், விமானி வீட்டிலிருந்து கிளம்பவே இல்லை, எஞ்சினில் புகை. எஞ்சினில் புகை என்று சொன்னவர் கடைசிவரை அதே விமானத்தில் ஏறத்தான் காத்திருந்தார் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

கேட்டில் நின்ற பெண்ணுக்குத் தர்மபுரிப் பக்கம். தமிழில் கேட்டதும் குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “சார், எனக்கும் குரூப்ல வர்றதுதான். அதுல ஒவ்வொருத்தர் ஒவ்வொரு டைம் போடுறாங்க.”

பிறகு ஒருவழியாக ஏறி உட்கார்ந்தோம். கேப்டன் ஒலிபெருக்கியில் பேசினார். ஒரு வால்வு மாற்ற வேண்டியிருந்தது, அது இங்கே கையிருப்பில் இல்லை, ஹைதராபாத்திலிருந்து அடுத்த விமானத்தில் வந்தது, மாற்றிச் சோதித்துப் பார்த்தாகிவிட்டது, காகிதம் என் கையில் இருக்கிறது, கிளம்புகிறோம். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அத்தனை நேரம் கொதித்துக்கொண்டிருந்த ஆட்கள் ‘அட, அவ்வளவுதானா’ என்று பெல்ட் மாட்டிக்கொண்டார்கள். கேப்டனால் அப்படிப் பேச முடிந்தது, டெக் லாக்கைப் படித்து, விமானத்தை ஏற்றுக்கொள்கிறேன் என்று கையெழுத்துப் போட்ட ஆள் அவர் என்பதால். கீழே கேட்டில் நின்றவருக்கு அந்தப் புத்தகம் கண்ணிலேயே படாது.

தம்பியிடம் இதைச் சொன்னபோது அவன் சிரித்தான். “அண்ணா, நாங்க சொல்றது எப்பவும் ‘பார்ட் கைக்கு வந்தப்புறம் நாப்பது நிமிஷம், டெஸ்ட் ஓகே ஆனா’ன்னுதான். மெயின்டெனன்ஸ் கன்ட்ரோலுக்குப் போறப்போ ‘பார்ட் வந்தப்புறம் நாப்பது நிமிஷம்’. ஆப்பரேஷன்ஸுக்குப் போறப்போ ‘நாப்பது நிமிஷம்’. கேட்டுக்குப் போறப்போ ‘அரை மணி நேரம்’.”

பொய் யாரும் சொல்லவில்லை. ஒவ்வொரு கையிலும் ஒரு நிபந்தனை உதிர்ந்துவிட்டது, அவ்வளவுதான். அடுத்த ஆளுக்கு நிபந்தனை தேவையில்லை, எண்தான் தேவை. திரையில் ‘பாகம் வந்தால்’ என்று எழுத இடமில்லை, அங்கே இருப்பது நான்கு இலக்கத்துக்கான கட்டம்.

இதில் உள்வீட்டு அரசியலும் உண்டு. விமானம் தாமதமானால் ஒவ்வொரு நிமிடத்துக்கும் ஒரு குறியீடு போட வேண்டும். உலகம் முழுக்க ஒரே பட்டியல்தான்: 41 என்றால் விமானத்தில் கோளாறு, 44 என்றால் உதிரிபாகமோ கருவியோ இல்லை, 93 என்றால் முந்தைய ஊரிலிருந்து விமானமே தாமதமாக வந்தது. எந்தக் குறியீடு விழுகிறதோ அந்தத் துறையின் தலையில் நிமிடங்கள் ஏறும். மறுநாள் காலைக் கூட்டத்தில் அந்தத் துறை பதில் சொல்ல வேண்டும். ஆக, எவ்வளவு நேரம் ஆகும் என்று கேட்டால் துறைக்குத் துறை கொஞ்சம் குறைத்துச் சொல்லும் ஆசை வரும். நீண்ட நேரம் என்று நேர்மையாகச் சொல்பவன் முதலில் திட்டு வாங்குவான். பயணிகளிடம் வரும் எண் பெரும்பாலும் ஏன் குறைவாகவே இருக்கிறது, ஏன் அரை அரை மணியாக நீள்கிறது என்பதற்கு எனக்குத் தெரிந்த நல்ல விளக்கம் இதுதான்.

தாமதம் நீளும்போது, முன்பே தயாரான காகிதங்களும் பழசாகின்றன. குறித்த நேரத்திலிருந்து 30 நிமிடத்துக்கு மேல் தள்ளிப்போனால் பறப்புத் திட்டத்தைத் திருத்தி வான் போக்குவரத்துக் கட்டுப்பாட்டுக்குத் தெரிவிக்க வேண்டும். வானிலை அறிக்கை புதிதாக வேண்டும். விமானிகளின் பணி நேரத்துக்கு உச்சவரம்பு உண்டு, அது ஓடிக்கொண்டே இருக்கும். பாகம் வந்து, பொருத்தி, கையெழுத்தும் விழுந்த பிறகு ‘விமானிகளின் நேரம் முடிந்துவிட்டது’ என்று அறிவிப்பு வந்து பயணிகள் கத்துவதைப் பார்த்திருப்பீர்கள். சோர்ந்த ஆள் ஓட்டக் கூடாது என்பதற்காக உள்ள விதி அது. கத்துவதில் பயனில்லை. ஆனால் அந்த வரம்பு எத்தனை மணிக்கு முட்டும் என்பது முன்பே தெரிந்த கணக்கு. அதை ஏன் கடைசி நிமிடத்தில் சொல்கிறார்கள் என்று கேட்பது நியாயம்.

அப்புறம் லோடு ஷீட், அதாவது விமானத்தின் எடைக் கணக்குத் தாள். தாமதத்தில் வெறுத்துப்போய் ஒரு பயணி ‘நான் வரவில்லை’ என்று எழுந்து போய்விடுகிறார் என்று வையுங்கள். அவர் பெட்டி சரக்கறையில் இருக்கிறது. அதைத் தேடி எடுத்து வெளியே போட்டே ஆக வேண்டும். 1985 ஜூன் 23 அன்று அயர்லாந்துக் கடலோரம் வெடித்து விழுந்த ஏர் இந்தியாவின் கனிஷ்காவில் குண்டு இருந்தது இப்படி ஆள் ஏறாத ஒரு பெட்டியில்தான். வான்கூவரில் பெட்டியைப் போட்டவன் பயணம் செய்யவில்லை, பெட்டி மட்டும் டொரண்டோ வழியாகக் கனிஷ்காவில் ஏறியது. 329 பேர் இறந்தார்கள். ஆளும் பெட்டியும் பொருந்த வேண்டும் என்ற விதி உலகம் முழுக்க இறுகியது அதன் பிறகு. ஆகவே ஒரு ஆள் இறங்கினால் பெட்டி இறங்கும், எடைக் கணக்கு மாறும், லோடு ஷீட் திருத்தப்படும், கேப்டன் மறுபடி பார்க்க வேண்டும். இறங்கிப்போனவரை மற்ற பயணிகள் முறைப்பது சகஜம். அவருக்கு இதெல்லாம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

இதுவரை சொன்னது எரிச்சல் தரும் பிழைகள். இதே வாய்வழிப் பிழை காகிதம் இருக்க வேண்டிய இடத்தில் நுழைந்தால் என்ன ஆகும் என்பதற்கும் வரலாறு இருக்கிறது.

1991 செப்டம்பர் 11. அமெரிக்காவின் டெக்சஸில் ஈகிள் லேக் அருகே காண்டினென்டல் எக்ஸ்பிரஸின் சிறு விமானம் விழுந்து அதிலிருந்த 14 பேரும் இறந்தார்கள். முந்தைய இரவு ஹூஸ்டன் பட்டறையில் வால் சிறகின் முன்விளிம்பில் பனி நீக்கும் உறைகளை மாற்றும் வேலை. மாலை ஷிப்டில் இடது பக்கத்தின் மேல்புறம் இருந்த 47 திருகுகளைக் கழற்றிவிட்டார்கள். இரவு ஷிப்ட் வலது பக்கத்தை மட்டும் முடித்தது. இடது பக்கம் திறந்து கிடப்பது வேலைத்தாளில் இல்லை. இரவு ஷிப்டின் ஆய்வாளர் சீக்கிரமே வேலைக்கு வந்து ஒப்படைப்புத் தாளைப் பார்த்தார், அதில் எதுவும் இல்லை. மாலை ஷிப்டின் ஆய்வாளர் அதற்குப் பிறகுதான் எழுதினார். கடமையில் சுறுசுறுப்பாக இருந்ததே வினையானது. காலையில் விமானம் பயணிகளோடு பறந்தது.

1983 ஜூலை 23 அன்று ஏர் கனடாவின் போயிங் 767 நடுவானில் எரிபொருள் தீர்ந்து, கிம்லி என்ற ஊரில் கைவிடப்பட்ட பழைய விமானப்படைத் தளத்தில் சறுக்கி இறங்கிய கதையைப் பலர் கிலோவுக்கும் பவுண்டுக்கும் நடந்த குழப்பமாகக் கேட்டிருப்பார்கள். அது உண்மைதான். லிட்டரை எடையாக மாற்ற 1.77 என்ற எண்ணைப் போட்டார்கள், அது பவுண்டுக்கான எண், கிலோவுக்குச் சுமார் 0.8 போட்டிருக்க வேண்டும். 22,300 கிலோ வேண்டிய இடத்தில் பாதிகூட இல்லை. ஆனால் எரிபொருள் அளவுகாட்டி வேலை செய்திருந்தால் இந்தக் கணக்கே கையால் போட வேண்டியிருக்காதே? அந்தப் பகுதிதான் எனக்கு முக்கியம். எட்மண்டனில் ஒரு பொறியாளர் கோளாறான பகுதியின் மின்துண்டிப்பானை இழுத்துவிட்டு, ஒட்டுச்சீட்டும் ஒட்டி, புத்தகத்திலும் எழுதினார். அளவுகாட்டி வேலை செய்தது. மான்ட்ரியலில் இன்னொருவர் சோதித்துப் பார்க்க அதை மறுபடி உள்ளே தள்ளினார், காட்டி அணைந்தது. வேறு வேலை குறுக்கிட, அப்படியே விட்டுப் போய்விட்டார். விமானத்தை ஒப்படைத்த கேப்டனோடு பேசியதில், விமானம் ஏற்கெனவே இப்படிக் காட்டி இல்லாமலே பறந்து வந்தது என்று புதிய கேப்டன் புரிந்துகொண்டார். உள்ளே வந்து பார்த்தால் காட்டி அணைந்திருக்கிறது, கேட்டதோடு பொருந்துகிறது. எம்.இ.எல்.படி அந்த நிலையில் பறக்கவே கூடாது. 69 பேர் உயிர் பிழைத்தது அந்தக் கேப்டனுக்கு எஞ்சின் இல்லாமல் பறக்கும் கிளைடர் ஓட்டிப் பழக்கம் இருந்ததால்.

மாட்ரிட் விபத்தில் அந்த அதிர்ஷ்டம் இல்லை. 2008 ஆகஸ்ட் 20, ஸ்பான்ஏர் விமானம் ஓடுபாதை வரை போய், வெளிக்காற்றின் வெப்பத்தை அளக்கும் கருவி தரையிலேயே சூடாகிறது என்று திரும்பி வந்தது. பராமரிப்புப் பணியாளர்கள் எம்.இ.எல்.லைப் பார்த்து, சூடேற்றியின் இணைப்பைத் துண்டித்து, பறக்கலாம் என்று எழுதினார்கள். அன்று பனி உறையும் வானிலை இல்லை, ஆகவே பட்டியல்படி அது சரி. ஒரு மணி நேரத்துக்கும் மேல் தாமதம், வெயில், உள்ளே பயணிகள். இரண்டாம் முறை கிளம்பும் அவசரத்தில் சரிபார்ப்புப் பட்டியல் நடுவில் அறுந்தது, மேலெழும்ப உதவும் இறக்கை மடிப்புகளான ஃபிளாப்புகளை விரிக்கவில்லை. எச்சரிக்கை ஒலியும் வரவில்லை. 172 பேரில் 154 பேர் இறந்தார்கள். தாமதம் தன்னளவில் ஆபத்து இல்லை. தாமதத்துக்குப் பிறகு வரும் அவசரம்தான் பயமுறுத்துகிறது. இதைப் படித்த பிறகு, கேட்டில் நின்று ‘சீக்கிரம் கிளப்புங்க’ என்று கத்தும் ஆளைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது.

நம் ஊர் விதிகள் என்ன சொல்கின்றன? இரண்டரை மணி நேரம் வரையிலான பயணமாக இருந்து, தாமதம் 2 மணி நேரத்தை எட்டினால் உணவோ சிற்றுண்டியோ தர வேண்டும். 6 மணி நேரத்தைத் தாண்டும் என்றால் மாற்று விமானமோ முழுப் பணமோ, நம் விருப்பம். 2024 ஜனவரியில் டெல்லி மூடுபனியில் எல்லாம் குழம்பி, மும்பையில் விமானம் நிற்கும் தரையிலேயே பயணிகள் உட்கார்ந்து சாப்பிட்ட படம் நாடெங்கும் பரவிய அதே வாரம், டி.ஜி.சி.ஏ. ஒரு நடைமுறையை வெளியிட்டது. தாமதம் பற்றிய துல்லியமான தகவலை உடனுக்குடன் இணையதளத்திலும் குறுஞ்செய்தியிலும் வாட்ஸப்பிலும் விமான நிலையத்திலும் தர வேண்டும் என்றது. நல்லதுதான். ஆனால் துல்லியமான நேரம் யாரிடமும் இல்லாதபோது துல்லியமான தகவல் எது? விதி அங்கே மௌனம்.

என் யோசனை எளிது. கிளம்பும் நேரத்தைச் சொல்ல வேண்டாம். அடுத்த தகவல் எத்தனை மணிக்கு வரும் என்பதைச் சொல்லுங்கள். ‘பாகம் 8.40 விமானத்தில் வருகிறது, 9 மணிக்கு மறுபடி பேசுகிறோம்’ என்றால், அந்த அம்மா நிம்மதியாகப் போய் ஒரு காபி குடித்துவிட்டு வருவார். அதைச் சொன்னவரின் பெயரும் அந்தச் செய்தியில் இருக்கட்டும்.

தம்பி ஒத்துக்கொள்ளவில்லை. “பாகம் இன்னொரு ஊர்லேர்ந்து வருதுன்னு சொன்னா பாதிப் பேர் உடனே டிக்கெட்ட கேன்சல் பண்ணுவாங்க. நடுவுல வேற விமானம் கிடைச்சு மாத்திட்டா, ‘அப்போ ஏன் அப்படிச் சொன்னே’ன்னு அதுக்கும் சண்டை. பேர் போட்டா அந்தப் பொண்ணோட பேர்தான் வீடியோவுல வரும், ஆப்பரேஷன்ஸ்ல உட்கார்ந்திருக்கிறவர் பேர் வராது.” கடைசியில் சொன்னது உண்மை. கேட்டில் நிற்பவர்களில் பலர் அந்த விமான நிறுவனத்தின் ஊழியர்கள்கூட இல்லை, தரைச்சேவை ஒப்பந்தக்காரரின் ஆட்கள். அதனால் பெயர் போட வேண்டியது ஆப்பரேஷன்ஸில் இருப்பவரின் பெயர் என்று திருத்திக்கொண்டேன். அதற்கும் அவன் தலையாட்டவில்லை.

அதுவரைக்கும் நான் கேட்டில் ‘எப்போது கிளம்பும்’ என்று கேட்பதை விட்டுவிட்டேன். பாகம் இங்கே இருக்கிறதா, வெளியூரிலிருந்து வர வேண்டுமா? விமானிகளின் பணி நேரம் எத்தனை மணி வரை? இந்த இரண்டையும் மெதுவாகக் கேட்கிறேன். தெரியாவிட்டால், “இருங்க சார், கேட்டுச் சொல்றேன்” என்று பெரும்பாலும் வாக்கி டாக்கியை எடுப்பார்கள். வர வேண்டும் என்று பதில் வந்தால் திரையைப் பார்ப்பதில் அர்த்தமில்லை, நேராகச் சாப்பிடப் போய்விடலாம்.